வெல்மரா ஏன் விளக்கை அணைத்தாள்?

குழித்துறை
12 ஜூன் 2024

அன்புள்ள ரெனிஷாவுக்கு,

நேற்று மத்தியானம் வெல்மராவைத் தூக்கில் போட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா ரப்பர் ஷீட் கடைக்குப் போன பிறகு, நீ விட்டுப்போன கம்ப்யூட்டரின் மேல் போட்ட துணியை எடுத்துவிட்டு அந்த விளையாட்டை முதலிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறேன். ஊரடங்கு காலத்தில் நாம் சேர்ந்து ஆடியதுதான். அப்போது மவுஸ் உன் கையில், அகராதி என் மடியில். இப்போது இரண்டும் என்னிடம். நாம் ஆட்டுவிக்கும் வில்லுக்காரிக்கு அன்று வைத்த கிருபா என்ற பெயரையே வைத்திருக்கிறேன்.

உனக்குக் கதை மறந்திருக்கலாம். தார்ஹேவன் துறைமுகத்தில் விளக்குக் கோபுரத்தைக் காப்பவள் வெல்மரா. புயலில் ஊர்க்கப்பல்கள் கரைக்குத் திரும்பும்போது அவள் விளக்கை அணைத்துவிடுகிறாள். கப்பல்கள் பாறையில் மோதி உடைகின்றன. அதில் ஒன்றில் அவள் பெற்ற மகளே இருக்கிறாள். கடைசியில் ஊர்மன்றம் கிருபாவிடம் தீர்ப்புக் கேட்கிறது. மன்னிப்பா, தூக்கா? அன்று நீ என்னைக் கேளாமல் மன்னிப்பை அழுத்தினாய். நான் ராத்திரிச் சோறு விளம்பும்வரை உன்னோடு சண்டை போட்டேன். நேற்று தூக்கை அழுத்தினேன். திரை கறுத்தது. "அம்மா, நீங்க ஒரு கொலகாரி" என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. சப்பென்றிருந்தது.

எழுதலாமா என்று ஜெபித்துத்தான் எழுதுகிறேன். உன் கல்யாணம் முடிந்த வாரம், உன்னோடு பேசமாட்டேன், உன் வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று வேதத்தின்மேல் கைவைத்து அப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகையால் இதில் தப்பில்லை.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. ஜங்ஷனில் ஜாஸ்பினின் தையல் கடை விலாசத்துக்கு அனுப்பு. அவள் இப்போதே சிரிக்கிறாள். "ஏட்டி ராஜபாய், ஒரு பஸ் ஏறினா குளச்சலு. அதுக்குப் போய் ஸ்டாம்பு ஒட்டுத பொம்பள நீ ஒருத்திதான்" என்கிறாள்.

அவள் ஏன் அணைத்தாள்? ஏதோ காரணம் இருக்கும் என்று நீ அன்று வாதாடினாய். என்ன காரணம் என்று சொல்லு.

அம்மா


குளச்சல்
20 ஜூன் 2024

அம்மாவுக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரித்து வாசித்தால் உள்ளே வெல்மரா இருக்கிறாள்! இத்தனை மாதம் கழித்து எழுதிய கடிதத்தில் "சுகமா இருக்கியா" என்று ஒரு வார்த்தை இல்லை. முதலில் அழுதேன். பிறகு சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் நான் சிரித்துப் பல நாளாயிற்று. ராகேல் மாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் மருமகன் ஸ்மைலின் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறார். கரைக்கு வந்தால்தான் போன். அவருடைய அம்மா, ராகேல் மாமி, நல்லவர்தான். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவர் தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போய்விடுவார். நான் மாடியில் உட்கார்ந்து படகுகள் வருவதைப் பார்ப்பேன். எனக்கு இது மூன்றாம் மாதம். யாரிடம் முதலில் சொல்வது என்று தெரியாமல் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக நடந்தே வந்தேன்.

இனி வெல்மரா. அவள் சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தாள் என்று சொல்வது யார்? காவல் தலைவன். அவன் அப்போது கோபுரத்திலா இருந்தான்? சந்தையில் அல்லவா இருந்தான்? கேட்டுச் சொன்னதை நம்பி ஒருத்தியைத் தூக்கில் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. போன வருஷம் அதே கம்பெனி அந்த விளையாட்டுக்குக் கூடுதலாக ஓர் அத்தியாயம் வெளியிட்டது. அதில் காரணம் இருக்கிறது. அதையும் சேர்த்தால்தான் கதை முழுசு.

ரெனிஷா


குழித்துறை
3 ஜூலை 2024

அன்புள்ள மக்களே,

மூன்றாம் மாதம் என்ற வரியை ஜாஸ்பின் கடையில் நின்று வாசித்தேன். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இரிட்டி, விழுந்திராத" என்றாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். கனமான வாளி தூக்காதே. காலையில் வெறும் வயிற்றில் சாயா குடிக்காதே. மாமி மீன் பொரிக்கும்போது குமட்டினால் அவர் முகத்துக்கு நேரே மூக்கைப் பொத்தாமல் மெல்ல வெளியே வா, அவர் மனசு நோகும்.

காவல் தலைவனைப் பற்றி நீ சொன்னது சரி. யார் கண்ணால் பார்த்தது, யார் கேட்டுச் சொன்னது என்று மறுபடி ஆடி ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பார்த்தேன். அவள் சிரித்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அந்தச் சிரிப்பை எடுத்துவிடுகிறேன். அணைத்ததை எடுக்க முடியாது. அதை அவளே ஒப்புக்கொள்கிறாள்.

கூடுதல் அத்தியாயத்தை நான் ஏற்கமாட்டேன். முதலில் வந்ததுதான் மூலம். ஆட்கள் பாவம் பார்த்து "அவளுக்கு ஒரு காரணம் கொடுங்கள்" என்று கேட்டிருப்பார்கள், பிறகு சேர்த்திருப்பார்கள். பிறகு சேர்த்தது தள்ளுபடி. உன் புது வீட்டுக் கத்தோலிக்க வேதத்தில் எங்களுடையதைவிட ஆகமப் புத்தகங்கள் கூடுதல். அந்தப் பழக்கத்தில் நீ எல்லாவற்றையும் உள்ளே சேர்க்கப் பார்க்கிறாய்.

சுகமா இருக்கியா?

அம்மா


குளச்சல்
15 ஜூலை 2024

அம்மாவுக்கு,

ஆகமக் கணக்கை எழுதாமல் இருந்திருக்கலாம். அதைச் சொல்லித்தானே அப்பா என்னை வீட்டுக்கு வெளியே நிறுத்தினார்? "கடப்புறத்து மீன்காரப் பையன், கோயிலும் வேற" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நீங்கள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வெல்மரா பெயரில் சொல்கிறீர்கள்.

சரி, வாதத்துக்கு வருகிறேன். கூடுதல் அத்தியாயத்தை எழுதியதும் அதே ஆட்கள்தான். வெல்மராவுக்குக் குரல் கொடுத்ததும் அதே பெண்தான். பிறகு வந்தது என்ற ஒரே குற்றத்துக்காகத் தள்ளினால், மனிதர்கள் பிறகு சொல்லும் எதையும் கேட்க வேண்டாம் என்றாகிவிடும். ஒருவர் முதல் நாள் வாய் திறக்கவில்லை என்றால் பிறகு அவர் சொல்வதெல்லாம் பொய்யா?

அத்தியாயத்தைப் பென் டிரைவில் போட்டு ஜாஸ்பின் அத்தைக்கு அனுப்பியிருக்கிறேன். எப்படிப் பதிப்பது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆடிப் பார்க்காமல் தள்ளாதீர்கள்.

நான் ஆடும்போது மாமி பின்னால் வந்து நின்றார். "இதென்ன பிள்ளே, இத்தன படகையும் பாறையில கொண்டு இடிக்குது?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். "வெளக்க அணைச்சவளா? எங்க கடப்புறத்துல விட்டுப் பாரு, காரணமாவது மண்ணாவது, உரிச்சிருவோம்" என்றார். நீங்களும் அவரும் ஒரே கட்சி. போகும்போது திரும்பி நின்று, "அது கெடக்கட்டும், அவளுக்க மவ செத்தாளா, இருக்காளா? அத ஆராவது பாத்தாவளா?" என்று கேட்டார்.

நாம் இரண்டு பேரும் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை, அம்மா.

சுகம் என்று சொல்லலாம்.

ரெனிஷா


குழித்துறை
8 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மக்களே,

ஆகமக் கணக்கு எழுதியது என் வாய்த்துடுக்கு. மன்னித்துக்கொள்.

பென் டிரைவ் முதலில் ஏறவில்லை. நீ எழுதியதில் மூன்றாவது வரியை விட்டிருக்கிறேன். மறுநாள் ஏறியது. அப்பா சபைக் கமிட்டிக்குப் போன மாலைகளில் ஆடி முடித்தேன்.

பகைவரின் கப்பல்கள் விளக்கில்லாமல் ஊர்க்கப்பல்களின் பின்னாலேயே வந்திருக்கின்றன. கோபுர விளக்கு எரிந்திருந்தால் அவர்களும் துறைக்குள் நுழைந்து ஊரைக் கொளுத்தியிருப்பார்கள். வெல்மரா மேலே நின்று இரண்டையும் பார்த்தாள். முன்னால் மகளின் கப்பல், பின்னால் பகைவர். அணைத்தாள். நல்ல கட்டுமானம்தான். முதல் கதையோடு எங்கேயும் முட்டவில்லை. ஆகையால் இதையும் மூலத்தோடு சேர்க்கலாம் என்று ஒப்புக்கொள்கிறேன். நீ ஜெயித்தாய்.

எனக்குப் பெரிதாய்ப் பட்டது வேறொன்று. மன்றத்தில் அவளை நிறுத்திக் கேட்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் உயிர் தப்பும். அவள் சொல்லவில்லை. கோபுரத்தில் அவளோடு இருந்த மணியடிப்பவள்தான் பிறகு சொல்கிறாள். அந்த இடத்தில் மவுஸை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். காரணத்தை நீட்டி இரக்கம் வாங்கக் கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். அவள்மேல் முதல்முறையாக ஒரு மதிப்பு வந்தது.

ஆனாலும் தீர்ப்பை மாற்றமாட்டேன். யாருக்காக அணைத்தாலும் கடலில் கிடந்தவர்களுக்கு இருட்டு ஒன்றுதான்.

ஸ்மைலின் போன் பண்ணினாரா? முதுகு வலித்தால் இடப்பக்கம் சாய்ந்து படு.

அம்மா


குளச்சல்
2 செப்டம்பர் 2024

அம்மாவுக்கு,

ஜாஸ்பின் அத்தை போன் பண்ணினார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "ஒனக்க அம்மை கல்லு கணக்கா இருக்கான்னு நினைச்சியா? ஒனக்க கல்யாணத்துக்கு மறுநாள் முதல் ஒனக்க அப்பா ஊசி போடமாட்டேன்னு கெடந்தாரு மக்களே. சுகர் ஏறி நாக்கு குழறிப் போச்சு. சத்தியம் பண்ணிக் குடுத்த பொறவுதான் கைய நீட்டினாரு" என்றார்.

உங்கள் பின்னால் வந்த பகைவர் கப்பல் எது என்று இப்போது தெரிந்துவிட்டது.

கோபமாக வருகிறது அம்மா. அப்பாமேல் இல்லை. உங்கள்மேல். இத்தனை நாள் உங்களுக்கு நான் வேண்டாம் என்றே நினைத்துப் படுத்தேன், எழுந்தேன். வெல்மரா வாய் திறக்காததை நீங்கள் மதிக்கிறீர்கள். அந்த மௌனம் அவளுக்கு மரியாதை. மகளுக்கு? பாறையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளிடம், காரணம் தெரிய வேண்டுமா என்று யார் கேட்டார்கள்? அத்தியாயத்தின் கடைசியில் மகள் நீந்திக் கரையேறி ஒரு மீனவர் குடிசையில் உட்கார்ந்திருக்கிறாளே, அந்தக் காட்சியைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த மாதம் எனக்கு ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சியைத் தாய்வீட்டிலிருந்து வந்து கூட்டிப்போகும் வழக்கத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். "ஒங்க ஆளுவ வருவாவளா, மாட்டாவளா? அன்பியத்துல கேக்காவ. நான் என்னத்தச் சொல்லட்டும்?" என்று மாமி கேட்கிறார். குத்திக் கேட்கவில்லை. எனக்காகத்தான் கேட்கிறார்.

கூட்டிப்போக வேண்டாம். வந்தால் போதும். வருவீர்களா?

ரெனிஷா


குழித்துறை
20 செப்டம்பர் 2024

அன்புள்ள மக்களே,

ஜாஸ்பினோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். சொல்லாதே என்று சொல்லியிருந்தேன். நான் காரணம் சொல்லவில்லை. நீயும் அதை என் கணக்கில் சேர்க்காதே. உனக்கு என் வாசல் அடைத்திருந்தது அடைத்திருந்ததுதான். அப்பாவையும் குறை சொல்லாதே. அவர் இப்போதும் கடையிலிருந்து வரும்போது சில நாள் உனக்குப் பிடித்த வாழைக்காய் சிப்ஸ் வாங்கி வந்துவிடுகிறார். மேசைமேல் வைத்துவிட்டு, யாருக்கு வாங்கினேன் என்று யோசிப்பதுபோல நிற்கிறார்.

வருவதைப் பற்றி இரவும் பகலும் ஜெபித்தேன். வாசற்படி மிதிக்கமாட்டேன், பேசமாட்டேன் என்பது என் வார்த்தை. அதை மீற முடியாது. ஆனால் ஒரு வழி தோன்றியிருக்கிறது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ஏத்தம்பழமும் நான் ஆயத்தம் பண்ணுகிறேன். ஜாஸ்பினும் எங்கள் சபைச் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரும் உள்ளே கொண்டுவருவார்கள். கூட்டிப்போக வருகிறவர்கள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் அல்லவா, கணக்குச் சரி. நான் எதிர்ப்புறம் ரோட்டில் நிற்கிறேன். உன்னைப் பார்ப்பேன். பார்க்கமாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை.

நல்ல புடவை உடுத்தி வாசலுக்கு வா.

அம்மா


குளச்சல்
11 அக்டோபர் 2024

அம்மாவுக்கு,

நேற்று நடந்ததை நீங்கள் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.

ஜாஸ்பின் அத்தை முந்திரிக்கொத்துப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். தெருப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் வாசலில் நின்றேன். எதிரே மருந்துக்கடைப் பக்கம் நீங்கள் குடை பிடித்து நின்றீர்கள். மெலிந்துவிட்டீர்கள். கை அசைத்தீர்கள். கை அசைப்பதும் பேச்சில் சேராது என்று பார்த்து வைத்திருப்பீர்கள். நான் "அம்மா" என்று கூப்பிட்டேன். தெருவே திரும்பியது. நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ரோட்டுல நிக்கது ஆரு? ஒனக்க அம்மையா? ஏன் பிள்ளே வெயில்ல நிக்காவ?" என்று மாமி கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மாமி ஒரு செம்பில் வெள்ளம் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். வாங்கிக் குடித்தீர்கள். அவரிடம் ஏதோ பேசினீர்கள். அவரும் தலையாட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியோடு பேசலாம். மருந்துக்கடைக்காரரோடு பேசலாம். பஸ் கண்டக்டரோடு பேசலாம். நான் ஒருத்தி மட்டும்தான் உங்கள் சத்தியத்தில் இருக்கிறேன்.

உங்கள் கடிதங்கள் வந்தபோதெல்லாம் ஒரு வழி திறக்கிறது என்று நினைத்தேன். அதெல்லாம் சந்து பொந்து என்று நேற்றுத்தான் புரிந்தது. அதன் வழியாகக் குரல் வரும், ஆள் வரமுடியாது.

அந்த விளையாட்டுக் கம்பெனியை மூடிவிட்டார்களாம். அடுத்த அத்தியாயம் வராது. மகள் அந்தக் குடிசையிலேயே உட்கார்ந்திருப்பாள். வெல்மரா ஏன் அணைத்தாள் என்பதற்கு நமக்கு மூலம் இருக்கிறது. அதற்குப் பிறகு மகளைத் தேடிப் போனாளா என்பதற்கு ஒரு மூலமும் இல்லை. இனி அதை எழுத யாரும் இல்லை.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

ரெனிஷா


குழித்துறை
28 அக்டோபர் 2024

அன்புள்ள மக்களே,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் வாசித்துவிடு.

உன் கடிதத்தை ஜாஸ்பினிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு அவள் கேலி பண்ணவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் கேலி பண்ணாதது எனக்குப் பயமாக இருந்தது.

இத்தனை மாதமும் என் சத்தியத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அதில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரிடம் சாமர்த்தியம் காட்டியிருக்கிறேன். அது போதும். சத்தியத்தை மீறுவது பாவம். அதற்கு நான் வேறு பெயர் வைக்கப் போவதில்லை. காரணம் எதையும் கூடவே சேர்த்து எழுதப் போவதும் இல்லை. மீறப் போகிறேன், அவ்வளவுதான்.

நேற்று ஆராதனை முடிந்து வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கமிட்டிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ரெனிஷாக்க வீட்டுக்குப் போறேன். பேறு முடிஞ்சுதான் வருவேன்."

"மருமவன் வீட்டுல போய்க் கெடப்பியா? ஊருல என்ன சொல்லுவாவ?"

"சொல்லட்டும்."

"அப்போ சத்தியம்?"

"மீறப் போறேன்."

நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானா நான் ஊசி போடமாட்டேன், கேட்டியா?"

"போடாண்டாம். மருந்து பிரிட்ஜில இருக்கு. ஒங்களுக்க உயிரு ஒங்க கையில. நான் இத்தன நாளும் அத எனக்க கையில வச்சிட்டிருந்தேன். இனி ஏலாது."

அடுக்களையில் போய்ப் பாத்திரம் கழுவினேன். அவருடைய தம்பி குமாரதாஸை வரச் சொல்லியிருக்கிறேன். அவன் வந்து கூட இருப்பான். கொஞ்ச நேரம் கழித்து அப்பா, "நீ போனா சோறு?" என்று கேட்டார். அரிசியைக் குக்கரில் போட்டு ஸ்விட்சை அமுக்கினால் போதும் என்று சொன்னேன். பிறகு பிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. ஊசிக்கா, வெள்ளத்துக்கா தெரியவில்லை. நான் எட்டிப் பார்க்கவில்லை. இனி ராத்திரியில் நினைத்துக்கொள்ள எனக்கு இது ஒன்று இருக்கும்.

மாமியிடம் அன்று ரோட்டில் என்ன பேசினேன் என்று நினைத்திருப்பாய். "பிள்ளைக்குக் காலில் நீர் கோத்திருக்கிறதா" என்று கேட்டேன். "நீங்களே வந்து பாருங்க" என்றார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். தனியாகத்தான். கூட்டிப்போக வரவில்லை, இருக்க வருகிறேன். படுக்க மாடியில் ஒரு பாய் போதும். மாமியிடம் நீ முன்னாலேயே சொல்லிவிடு. மீன் நறுக்க எனக்கு அவ்வளவு வராது, தேங்காய் அரைத்துக் கொடுப்பேன் என்று சொல்லு.

ஒன்று மட்டும். உன்னோடு வாயால் பேசி ஒரு வருஷம் ஆகப் போகிறது. முதல் வார்த்தை என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. வாசலுக்கு வந்ததும் நான் பேசாமல் நின்றால், மறுபடியும் சத்தியம் என்று நினைத்துவிடாதே. நீ ஏதாவது ஆரம்பி. வெல்மரா நல்லவள் என்று சொல்லு. நான் எதிர்த்துப் பேசுவேன்.

அம்மா